நுங்கம்பாக்கம் முதல் மௌனா லோவா வரை: காலநிலை, மின்சாரச் செய்திகளைப் பின்தொடர ஒரு வழிகாட்டி

2015 டிசம்பர் 2-ம் தேதி விடிந்தபோது சைதாப்பேட்டையில் எங்கள் தெருவுக்குள் அடையாறு ஓடிக்கொண்டிருந்தது. கீழ்வீட்டுப் பாட்டியை இரவோடு இரவாக எங்கள் மாடிக்குக் கூட்டி வந்திருந்தோம். தண்ணீர் வடிந்த பிறகு யாரைக் கேட்டாலும் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். புவி வெப்பமாதல் என்றார் ஒருவர். பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ என்றார் இன்னொருவர். ஏரி திறந்த நேரம்தான் காரணம் என்று டீக்கடையில் சண்டையே நடந்தது. உண்மையில் என்னதான் நடந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை அப்போதுதான் எனக்குள் புகுந்தது. அதிலிருந்து இன்றுவரை காலநிலை மாற்றம், எரிசக்தி இரண்டையும் விடாமல் பின்தொடர்ந்து வருகிறேன். நான் விஞ்ஞானி இல்லை. ஒரு நோட்டுப் புத்தகமும் போனும்தான் என் கருவிகள். அதே வழியில் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கேள்விக்குக் கிடைத்த பதிலைச் சொல்லிவிடுகிறேன். நெதர்லாந்து வானிலை ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த கியெர்ட் யான் வான் ஓல்டன்போர்க் தலைமையிலான குழு ஒன்று அந்த ஒருநாள் மழையை ஆராய்ந்தது. இந்திய ஆய்வாளரும் அதில் இருந்தார். அமெரிக்க வானிலையியல் கழகத்தின் இதழில் 2016-ல் வெளியான முடிவு இதுதான்: அந்த மழையில் புவி வெப்பமாதலின் தாக்கம் தென்படவில்லை. காற்றில் மிதக்கும் புகை, தூசுத் துகள்கள் சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பி, வெப்பத்தைப் பிடித்து வைக்கும் கார்பன் டை ஆக்சைடு போன்ற பசுமை இல்ல வாயுக்களின் விளைவை இதுவரை ஈடுகட்டி வந்திருக்கலாம் என்று அவர்கள் கருதினார்கள்.

படித்தபோது எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. அப்புறம் யோசித்துப் பார்த்தால், இந்தத் துறையின் மேல் எனக்கு நம்பிக்கை வரக் காரணமே அந்தப் பதில்தான். உலகம் சூடாகிறது என்று உறுதியாகச் சொல்லும் அதே அறிவியல், 'இந்த ஒரு மழைக்கு அதன்மேல் பழி போட எங்களிடம் சான்று இல்லை' என்றும் சொல்கிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் மனத்தில் வைத்திருக்கப் பழகிவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது.

முதல் படி: செய்தியை விடுங்கள், அளவீட்டைப் பிடியுங்கள்

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் செய்தியில் ஆரம்பிக்கிறார்கள். ஒரு வாரம் பனிப்பாறை உருகும், அடுத்த வாரம் புது பேட்டரி வந்து உலகைக் காப்பாற்றும். ஒரு மாதத்தில் தலை சுற்றி விட்டுவிடுவார்கள். நான் சொல்வது வேறு. முதல் மூன்று மாதம் சில எண்களை மட்டும் தொடருங்கள். நோட்டில் கையால் எழுதுங்கள். கையால் எழுதினால்தான் போன மாத எண் கண்ணில் படும்.

முதல் எண் நம் ஊர் வெப்பநிலை. வானிலை ஆய்வு மையம் சென்னைக்கு நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் என இரண்டு நிலையங்களின் அளவைத் தினமும் தருகிறது. அதிகபட்சம், குறைந்தபட்சம், இயல்பிலிருந்து எவ்வளவு விலகல் என்ற மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாவதுதான் முக்கியம். மே மாதத்தில் 38 டிகிரி என்பது சென்னைக்குச் செய்தியே இல்லை. அதே 38 மார்ச்சில் வந்தால் அது செய்தி. கோடையில் இரண்டு நிலையங்களுக்கும் வித்தியாசம் வருவதையும் கவனிப்பீர்கள். கடல் காற்று எப்போது உள்ளே வருகிறது என்பதைப் பொறுத்தது அது. மதியம் சீக்கிரம் வந்துவிட்டால் ஊர் பிழைத்தது. தாமதமானால், கடலிலிருந்து தள்ளியிருக்கும் மீனம்பாக்கம்தான் கூடுதலாகக் கொதிக்கும். இதை ஒரு கோடை முழுவதும் எழுதிப் பார்த்தவருக்குக் கடலோர நகரத்தின் வெப்பம் என்றால் என்ன என்று யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

இன்னொன்று. வெப்ப அலை என்ற சொல்லைச் செய்திகளில் கண்டபடி போடுகிறார்கள். அதற்கு ஒரு வரையறை இருக்கிறது. கடலோரப் பகுதியில் வெப்பநிலை 37 டிகிரியைத் தொட வேண்டும், இயல்பை விட 4.5 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும். சமவெளிக்கு முதல் எண் 40 டிகிரி. வரையறைக்குள் வராத நாளிலும் சென்னையின் ஈரப்பதம் ஆளைச் சாய்த்துவிடும் என்பதை மறக்க வேண்டாம். எங்கள் தெருவில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அண்ணனிடம் கேட்டால், 36 டிகிரி புழுக்க நாள்தான் 40 டிகிரி வறண்ட நாளை விட மோசம் என்பார். வியர்வை காயாவிட்டால் உடம்பு குளிராது. அவர் சொல்வது உடலியல் உண்மை.

இரண்டாவது எண் மழை. இங்கே புதியவர்கள் தடுமாறும் ஓர் இடம் உண்டு. 'நேற்று 12 செ.மீ. மழை' என்றால் நேற்றுக் காலை 8.30 முதல் இன்று காலை 8.30 வரை பெய்தது என்று பொருள். நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை அல்ல. இது தெரியாமல் இரண்டு நாள் மழையை ஒரு நாள் கணக்கில் சேர்த்து, 'வரலாறு காணாத' என்று போட்டுவிடுகிறார்கள். கன மழை என்றால் 64.5 மி.மீ. முதல் 115.5 மி.மீ. வரை. அதற்கு மேல் 204.4 வரை மிக கன மழை. அதையும் தாண்டினால் அதி கன மழை. 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ. பதிவானது. ஒரே ஊர், இவ்வளவு வித்தியாசம். ஆகவே 'சென்னையில் மழை' என்று யாராவது சொன்னால், எந்த நிலையத்தில் என்று கேட்கும் பழக்கத்தை இப்போதே ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

மூன்றாவது எண் ஏரிகள். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், கண்ணன்கோட்டை தேர்வாய்க்கண்டிகை என்ற ஐந்தின் நீர் இருப்பையும் குடிநீர் வாரியம் தினமும் வெளியிடுகிறது. ஐந்தும் நிரம்பினால் சுமார் 11.75 டி.எம்.சி. செம்பரம்பாக்கத்தின் முழு உயரம் 24 அடி. இது காலநிலை அறிவியலா என்று கேட்கலாம். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வில்லிவாக்கத்துக்கு வந்ததை நினைத்துப் பாருங்கள். நான்கு வருடத்துக்கு முன்பு மூழ்கிய அதே நகரம் அது. வானிலையும், காலநிலையும், நாம் நிலத்தைக் கையாண்ட விதமும் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கும் இடம் ஏரிதான். அந்த எண்ணைத் தினமும் பார்ப்பவருக்கு அந்தச் சிக்கல் புரியத் தொடங்கும்.

இனி உலக எண்கள் இரண்டு. இவை மாதம் ஒரு முறை போதும்.

ஹவாய்த் தீவின் மௌனா லோவா எரிமலைச் சரிவில் 1958 மார்ச் முதல் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை அளந்து வருகிறார்கள். தொடங்கியவர் சார்லஸ் டேவிட் கீலிங். அப்போது பத்து லட்சம் காற்று மூலக்கூறில் சுமார் 315, இதை பி.பி.எம். என்பார்கள். தொழிற்புரட்சிக்கு முன்பு 280 அளவில்தான் இருந்தது. 2024-ன் சராசரி 424-ஐத் தாண்டியது. 2025 மே மாதச் சராசரி 430-ஐத் தாண்டியது. ஆண்டுக்குள்ளேயே இந்த எண் ஏறி இறங்கும். மே மாதம் உச்சம், செப்டம்பர் வாக்கில் தாழ்வு. வடகோளத்துக் காடுகளும் பயிர்களும் கோடையில் வளரும்போது வாயுவை இழுத்துக்கொள்கின்றன, இலையுதிர்ந்து மட்கும்போது திருப்பித் தருகின்றன. அதனால் செப்டம்பர் எண்ணைப் பார்த்து 'குறைந்துவிட்டது' என்று மகிழாதீர்கள். போன வருடத்தின் அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். 2022 நவம்பரில் எரிமலை வெடித்து மின் இணைப்பும் சாலையும் துண்டிக்கப்பட்டபோது, பக்கத்து மலையான மௌனா கேயாவுக்குக் கருவியைக் கொண்டுபோய் அளவீட்டைத் தொடர்ந்தார்கள். அந்த வரைபடத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த அக்கறைதான் நினைவுக்கு வரும்.

இன்னொன்று உலகச் சராசரி வெப்பநிலை. ஐரோப்பாவின் கோபர்நிகஸ் சேவை மாதத் தொடக்கத்திலேயே தந்துவிடும். நாசாவும் அமெரிக்கக் கடல், வளிமண்டல அமைப்பான நோவாவும் சில நாள் கழித்துத் தரும்.

இரண்டாம் படி: 'எதோடு ஒப்பிட்டு?' என்று கேளுங்கள்

2024 இதுவரை பதிவானதிலேயே மிக வெப்பமான ஆண்டு. கோபர்நிகஸ் 1.60 டிகிரி கூடுதல் என்றது. உலக வானிலை அமைப்பு ஆறு தரவுத் தொகுப்புகளைச் சேர்த்து 1.55 என்றது, முன்னும் பின்னும் 0.13 டிகிரி பிழை வரம்போடு. இந்த வித்தியாசத்தைப் பார்த்து 'பாருங்கள், இவர்களுக்கே தெரியவில்லை' என்று பேசுகிறவர்கள் உண்டு. நம் வீட்டுக் குழந்தையை மூன்று தராசில் நிறுத்தினால் மூன்றும் நூறு கிராம் முன்னே பின்னேதான் காட்டும். குழந்தை வளர்கிறதா என்பதில் மூன்றுக்கும் கருத்து வேறுபாடு இருக்காது.

அதைவிடப் பெரிய குழப்பம் அடிப்படைக் காலம். 'கூடுதல்' என்றால் எதை விட? நாசா வழக்கமாக 1951 முதல் 1980 வரையிலான சராசரியோடு ஒப்பிடும். நோவா 20-ம் நூற்றாண்டு முழுவதன் சராசரியோடு. நம் வானிலைத் துறை சொல்லும் 'இயல்பு' என்பது 1991 முதல் 2020 வரை. உலக வெப்ப உயர்வு 1.5 டிகிரியைத் தாண்டக் கூடாது என்று பேசும்போதும், மேலே சொன்ன 1.60, 1.55 எண்களிலும் 1850 முதல் 1900 வரையிலான காலத்தோடு. ஒரே மாதத்துக்கு மூன்று செய்தியில் மூன்று எண் வந்தால், பத்தில் ஒன்பது முறை இதுதான் காரணம். நோட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் அடிப்படைக் காலத்தையும் எழுதிவிடுங்கள்.

1.5 டிகிரி பற்றியும் ஒரு வார்த்தை. 2015 பாரிஸ் உடன்படிக்கையில் வரும் அந்த எல்லை ஓர் ஆண்டுக்கானது அல்ல. பல ஆண்டுச் சராசரிக்கானது. 2024-ல் ஓர் ஆண்டு அதைத் தாண்டியது. அதனால் உடன்படிக்கை உடைந்துவிட்டது என்று எழுதுவது தவறு. தாண்டவே இல்லை என்பதுபோல் ஆறுதல் சொல்வதும் தவறுதான்.

மூன்றாம் படி: ஒரே ஒரு அறிக்கையை முழுசாக

ஐ.பி.சி.சி. என்று அடிக்கடி கேள்விப்படுவீர்கள். காலநிலை மாற்றத்தை மதிப்பிட 1988-ல் ஐ.நா. அமைப்புகள் உருவாக்கிய குழு. இவர்கள் புதிதாக ஆய்வு செய்வதில்லை. உலகில் வெளியான ஆய்வுகளைப் படித்து மதிப்பிட்டுச் சொல்கிறார்கள். ஆறாவது மதிப்பீட்டின் முதல் பகுதி 2021 ஆகஸ்டில் வந்தது. தொகுப்பு அறிக்கை 2023 மார்ச்சில். ஏழாவது சுற்று வேலை நடந்துகொண்டிருக்கிறது. முழு அறிக்கையைத் தொட வேண்டாம். முதல் பகுதியின் 'கொள்கை வகுப்போருக்கான சுருக்கம்' மட்டும் போதும், ஏறத்தாழ முப்பது பக்கம்.

தமிழில் அது இல்லை. ஐ.நா.வின் ஆறு மொழிகளில்தான் தருகிறார்கள். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம். எட்டுக் கோடிப் பேர் பேசும் மொழியில், அவர்கள் கடற்கரையின் எதிர்காலம் பற்றிய ஆவணம் இல்லை. ஆனால் ஆங்கிலம் தடுமாறுகிறது என்று விட்டுவிடாதீர்கள். நான் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்து ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று படித்தேன். தெரியாத சொல்லுக்குத் தமிழில் எனக்கு விளங்கும் பெயர் ஒன்றை வைத்துப் பின்பக்கத்தில் எழுதினேன். 'இயல்பிலிருந்து விலகல்' என்பது அப்படி எழுதிய முதல் சொல். முப்பது, நாற்பது சொல் சேர்ந்ததும் அறிக்கை தானாகத் திறந்துகொண்டது.

படிக்கும்போது சாய்வெழுத்தில் வரும் சொற்களைக் கவனியுங்கள். அவை அலங்காரம் அல்ல, அளவு. 'நிகழக்கூடும்' என்று அவர்கள் எழுதினால் குறைந்தது 66 சதவீத வாய்ப்பு. 'பெரும்பாலும் நிகழும்' என்றால் 90. 'ஏறத்தாழ உறுதி' என்றால் 99. வளிமண்டலமும் கடலும் நிலமும் மனிதர்களால் சூடாகியுள்ளன என்ற கூற்றுக்கு மட்டும் சதவீதமே போடவில்லை. ஐயத்துக்கு இடமில்லை என்று எழுதிவிட்டார்கள். செய்தியில் இந்தப் படிநிலைகள் எல்லாம் உதிர்ந்துபோய், 'விஞ்ஞானிகள் எச்சரிக்கை' என்ற இரண்டு சொல் மட்டும் மிஞ்சும்.

நம் நாட்டுக்கென்று 2020-ல் புவி அறிவியல் அமைச்சகம் ஒரு மதிப்பீடு வெளியிட்டது. இலவசமாகக் கிடைக்கிறது. 1901 முதல் 2018 வரை இந்தியாவின் சராசரி வெப்பநிலை 0.7 டிகிரி உயர்ந்தது, வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு 1951 முதல் 2015 வரை 1 டிகிரி உயர்ந்தது என்பவை அதில் உள்ளவை. ஐ.பி.சி.சி.க்கு அடுத்து இதைப் படியுங்கள்.

நான்காம் படி: புதிய ஆய்வு வந்தால்

இப்போதுதான் செய்திக்கு வருகிறோம். ஒரு தலைப்பைப் பார்த்ததும் நான் கேட்கும் கேள்விகள் சில உண்டு. வெளியானது எங்கே? சக அறிஞர்கள் பரிசோதித்த இதழிலா, அல்லது பரிசோதனைக்கு முன்பே இணையத்தில் போட்ட பிரதியா, அல்லது பல்கலைக்கழகத்தின் பத்திரிகைக் குறிப்பு மட்டுமா? பிரதி என்பதால் பொய் என்று இல்லை; நோட்டில் பென்சிலால் எழுதினால் சரி. கட்டுரையின் சுருக்கம் எப்போதும் இலவசம். முழுக் கட்டுரை வேண்டுமென்றால் ஆசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள், பெரும்பாலும் அன்போடு அனுப்பிவைப்பார்கள். நம் வானிலைத் துறை நடத்தும் 'மௌசம்' இதழ் முழுவதும் இலவசம். வடகிழக்குப் பருவமழை, வங்கக்கடல் புயல்கள் பற்றி அதில் நிறைய இருக்கும்.

அடுத்த கேள்விதான் சென்னைக்காரர்களுக்கு மிகவும் தேவை: எதிர்காலத்தில் எவ்வளவு வாயு வெளியாகும் என்ற எந்த அனுமானத்தை வைத்துச் சொல்கிறார்கள்? 'சென்னை மூழ்கும்' என்ற தலைப்பு வருடத்துக்கு இரண்டு முறையாவது வருகிறது. முதன்முறை பார்த்தபோது அதை அப்படியே குடும்பக் குழுவில் அனுப்பினேன். பெசன்ட் நகரில் இருக்கும் என் அத்தை இரவெல்லாம் தூங்கவில்லை. பிறகுதான் உட்கார்ந்து மூலத்தைப் படித்தேன். உலகக் கடல் மட்டம் 1995–2014 சராசரியை விட 2100-ல் எவ்வளவு உயரும் என்பதற்கு ஐ.பி.சி.சி. ஓர் எண் தரவில்லை, வரம்புகள் தருகிறது. பசுமை இல்ல வாயு உமிழ்வை மிகக் கடுமையாகக் குறைத்தால் 0.28 முதல் 0.55 மீட்டர். உமிழ்வு மிக அதிகமாகத் தொடர்ந்தால் 0.63 முதல் 1.01 மீட்டர். தலைப்புச் செய்தி பெரும்பாலும் கடைசி எண்ணை எடுத்துக்கொள்ளும். வரைபடங்களில் இன்னொரு சிக்கல். பல வரைபடங்கள் நிலத்தின் உயரத்தை மட்டும் பார்த்து, இடையில் மேடோ சுவரோ இருப்பதைக் கணக்கில் எடுக்காமல் நீலம் அடித்துவிடும். வடஇந்தியப் பெருங்கடலில் 1993 முதல் 2017 வரை ஆண்டுக்கு 3.3 மி.மீ. உயர்ந்திருக்கிறது. சிறியதாகத் தெரியும். ஆனால் எண்ணூர், திருவொற்றியூர் கரையில் அலை வீட்டு வாசலைத் தொடுவதைப் பார்த்தவர்கள் அதைச் சிறியது என்று சொல்ல மாட்டார்கள். அங்கே துறைமுகக் கட்டுமானங்கள் மணல் ஓட்டத்தை மறித்ததும் சேர்ந்துகொள்கிறது. காரணம் இரண்டு என்றால் இரண்டையும் சொல்ல வேண்டும்.

இப்போது ஒரு பேரிடர் நடந்த ஓரிரு வாரத்தில் 'இதில் காலநிலை மாற்றத்தின் பங்கு இவ்வளவு' என்று விரைவு ஆய்வுகள் வருகின்றன. முறை பரிசோதிக்கப்பட்டது, அந்தக் குறிப்பிட்ட முடிவு அப்போதைக்குப் பரிசோதிக்கப்பட்டிருக்காது. அதையும் பென்சிலால் எழுதிக்கொள்வேன். ஒற்றை ஆய்வு என்பது ஒரு செங்கல்தான். வீடு எழும்பியதா என்று அறிய அடுத்த மதிப்பீடு வரை பொறுத்திருக்க வேண்டும்.

புயல் நேரத்தில் வாட்ஸாப்பில் சுற்றும் வண்ணப் படங்கள் பற்றியும் சொல்ல வேண்டும். அவை வானிலையைக் கணிக்கும் ஒரு கணினி நிரல் ஒரு முறை ஓடியபோது தந்த விடை. ஆறு அல்லது பன்னிரண்டு மணி நேரத்தில் அடுத்த ஓட்டம் வரும், விடை மாறும். பத்து நாள் தள்ளிக் காட்டும் புயலைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கரை கடக்கும் இடத்தை மட்டும் பார்ப்பதும் தப்பு. 2023 டிசம்பர் 5-ல் மிக்ஜாம் புயல் கரை கடந்தது ஆந்திராவின் பாபட்லா அருகே, சென்னையிலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர் வடக்கே. நம் ஊர் மூழ்கியது அதற்கு முன்பே, 3, 4 தேதிகளில்.

ஐந்தாம் படி: மின்சாரத்தில் மெகாவாட்டும் யூனிட்டும்

எரிசக்திச் செய்தியில் ஏமாறுவதற்கு ஒரே ஒரு வாசல்தான் பெரியது. அதை அடைத்துவிட்டால் போதும்.

மெகாவாட் என்பது ஒரு நிலையத்தால் ஒரு நொடியில் எவ்வளவு தர முடியும் என்ற திறன். யூனிட் என்பது உண்மையில் வந்து சேர்ந்த மின்சாரம். நம் வீட்டு இ.பி. பில்லில் வருவது யூனிட். குழாயின் அகலம் மெகாவாட் என்றால் குடத்தில் நிறைந்த தண்ணீர் யூனிட்.

ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் சோலார் நிலையம் இருக்கிறது. சூரியன் இரவில் இல்லை, காலை மாலையில் சாய்ந்திருக்கும். ஆகவே வருடச் சராசரியில் முழுத் திறனில் ஐந்தில் ஒரு பங்கு என்று வையுங்கள். ஒரு நாளைக்குச் சுமார் 31 லட்சம் யூனிட் வரும். அதே திறனுள்ள அனல்மின் நிலையம் 85 சதவீதம் ஓடினால் 1 கோடியே 32 லட்சம் யூனிட். கோடையில் தமிழ்நாட்டின் ஒரு நாள் தேவை 40 கோடி யூனிட்டைத் தாண்டும். இந்த மூன்று எண்ணையும் மனத்தில் வைத்துக்கொண்டால் எந்தத் திறப்பு விழாச் செய்தியையும் அளந்துவிடலாம்.

2025 ஜூலையில் நல்ல செய்தி ஒன்று வந்தது. இந்தியாவின் நிறுவப்பட்ட மின்திறனில் பாதி, நிலக்கரியும் எரிவாயுவும் அல்லாத வழிகளைச் சேர்ந்தது. 2030-க்கு வைத்த இலக்கை ஐந்து ஆண்டு முன்பே எட்டிவிட்டோம் என்று அறிவித்தார்கள். உண்மைதான், பெரிய சாதனைதான். ஆனால் அது மெகாவாட் கணக்கு. யூனிட் கணக்கில் அப்போதும் பத்தில் ஏழு பங்கு நிலக்கரியிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள், அவர் எந்தப் பக்கம் நின்றாலும்.

மத்திய மின்சார ஆணையம் மாதந்தோறும் நிறுவுதிறனை வெளியிடுகிறது. நாட்டின் மின்தொகுப்பை இயக்கும் கிரிட் இந்தியா ஒவ்வொரு நாளும் முந்தைய நாளின் தேவையையும் உற்பத்தியையும் மாநில வாரியாகத் தருகிறது. எனக்குப் பிடித்தது இந்த இரண்டாவதுதான். மே மாதம் தொடங்கிப் பாருங்கள். தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் பாலக்காட்டுக் கணவாயிலும் நுழைந்ததும் காற்றாலை மின்சாரம் மளமளவென்று ஏறும். நல்ல காற்று நாளில் 5,000 மெகாவாட்டைத் தாண்டும். அக்டோபரில் காற்று அடங்கியதும் எண்ணும் அடங்கும். மாலை ஏழு மணியையும் கவனியுங்கள். சோலார் படுத்துவிட்ட நேரத்தில் வீடுகளில் ஃபேன், ஏ.சி., மிக்ஸி எல்லாம் ஓடும். மின்கலச் சேமிப்பு, தண்ணீரை மேலேற்றி வைத்துத் தேவைப்படும்போது மின்சாரம் எடுக்கும் நீரேற்று மின்நிலையம் என்று வரும் செய்திகள் எல்லாம் இந்த ஏழு மணிக்கான விடைகள். தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை 2024 மே 2-ல் 20,830 மெகாவாட்டைத் தொட்டது. உங்கள் நோட்டில் அதை ஒரு மூலையில் எழுதிவைத்து, ஒவ்வொரு கோடையிலும் ஒப்பிடுங்கள்.

சொந்த வீட்டுக் கணக்கும் போட்டுப் பார்க்கலாம். நம் நாட்டு மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. இரண்டு மாத பில்லில் 400 யூனிட் என்றால் 280 கிலோ. இந்த 0.7 வருடா வருடம் குறைகிறதா என்பதுதான் நாட்டின் மின்துறை உண்மையில் மாறுகிறதா என்பதற்கு நான் நம்பும் ஒற்றை எண்.

ஆறாம் படி: நேரில் போய்ப் பாருங்கள்

சென்னையில் இருப்பதன் அதிர்ஷ்டம் இது. காற்றாலை ஆய்வுக்கான தேசிய நிறுவனமும், தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனமும் பள்ளிக்கரணையில் இருக்கின்றன. தரமணியில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம். அண்ணா பல்கலைக்கழகத்திலும் ஐ.ஐ.டி.யிலும் காலநிலை ஆய்வு நடக்கிறது. பொதுச் சொற்பொழிவு அறிவிப்பு வந்தால் போங்கள். பின்வரிசையில் உட்காருங்கள், கேள்வி நேரத்தில் ஒரு கேள்வியாவது கேளுங்கள். தமிழில் கேளுங்கள், பெரும்பாலானவர்கள் மகிழ்ச்சியோடு தமிழில் விளக்குவார்கள்.

மாநகராட்சி 2023-ல் வெளியிட்ட சென்னை காலநிலைச் செயல்திட்டத்தையும் ஒருமுறை புரட்டுங்கள். 2050-க்குள் கார்பன் சமநிலை, அதாவது வெளியிடுவதும் உறிஞ்சப்படுவதும் சமமாவது, என்பது அதன் இலக்கு. நாட்டின் இலக்கு 2070. அதில் உங்கள் வட்டாரத்தின் பெயர் எங்கே வருகிறது என்று தேடுங்கள்.

அதைவிட முக்கியம் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். பெரிய அனல்மின் நிலையமோ துறைமுக விரிவாக்கமோ வருவதற்கு முன் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடத்த வேண்டிய கூட்டம் அது. 2006-ம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி குறைந்தது 30 நாள் முன்பே அறிவிக்க வேண்டும், திட்டச் சுருக்கத்தைத் தமிழிலும் வைக்க வேண்டும். மின்கட்டணத்தை மாற்றக் கோரும் மனு வந்தால் மின்சார ஒழுங்குமுறை ஆணையமும் கருத்துக் கேட்கும். இரண்டிலும் யார் வேண்டுமானாலும் பேசலாம். எண்ணூர்க் கழிமுகம் பற்றி நான் படித்த எந்த ஆய்வை விடவும், கொசஸ்தலை ஆற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த சேற்றில் இறால் தடவிப் பிடிக்கும் மீனவர்கள் பேசியதைக் கேட்டதுதான் ஒரு யூனிட் மின்சாரத்தின் விலையை எனக்குப் புரியவைத்தது. அந்தப் பக்கம் இதுவரை போகாதவர்கள் ஒரு ஞாயிறு காலை போய் வாருங்கள்.

ஆண்டு எப்படி ஓடும்

ஜனவரி இரண்டாம் வாரத்தில் போன ஆண்டின் உலக வெப்பநிலை வரும். பிப்ரவரி முடிந்து மார்ச் பிறக்கும்போது கோடை வெப்ப முன்னறிவிப்பு. ஏப்ரல் நடுவில் தென்மேற்குப் பருவமழை முன்னறிவிப்பு, மே இறுதியில் திருத்தம். செப்டம்பர் முடிந்து அக்டோபர் பிறக்கும்போது நமக்கான வடகிழக்குப் பருவமழை முன்னறிவிப்பு. நவம்பரில் ஐ.நா. காலநிலை மாநாடு, அதையொட்டி உலகின் அந்த ஆண்டு கார்பன் கணக்கு. மாதந்தோறும் இரண்டாவது வியாழக்கிழமை நோவாவின் எல் நினோ நிலவரம். எல் நினோ வந்தால் நாட்டின் பெரும்பகுதிக்குத் தென்மேற்கு மழை குறையும் போக்கு உண்டு, தமிழ்நாட்டுக்கு வடகிழக்கு மழை கூடும் போக்கு உண்டு. டெல்லிச் செய்தியை அப்படியே சென்னைக்குப் பொருத்தக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

நேரம் எவ்வளவு ஆகும் என்று கேட்பீர்கள். தினமும் ஐந்து நிமிடம், ஞாயிறு அன்று ஒரு மணி நேரம். அவ்வளவுதான் நானும் செலவிடுகிறேன்.

அக்டோபர் முதல் வாரத்தில் கீழ்வீட்டுப் பாட்டி ஒவ்வொரு வருடமும் அதே கேள்வியைக் கேட்பார்: "இந்த வருஷம் தண்ணி வருமாப்பா?" நோட்டை எடுத்துக்கொண்டு கீழே போவேன். பருவமழை முன்னறிவிப்பு என்ன சொல்கிறது, எல் நினோ இருக்கிறதா, செம்பரம்பாக்கத்தில் இன்று எத்தனை அடி என்று வரிசையாகச் சொல்வேன். இருபது சென்டிமீட்டர் கொட்டும் ஒற்றை நாள் எதுவென்று அக்டோபரில் யாராலும் சொல்ல முடியாது, அது இரண்டு மூன்று நாள் முன்னால்தான் தெரியும் பாட்டி, தெரிந்ததும் ஓடி வந்து சொல்கிறேன் என்பேன். சரி என்று தலையாட்டிவிட்டு ரேஷன் கார்டையும் வீட்டுப் பத்திரத்தையும் மாத்திரைச் சீட்டையும் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுப்பார். அதைப் பரணில் ஏற்றி வைத்துவிட்டு மேலே வருவேன்.